ஓடிப்போன டிரைவர்

பௌர்ணமிக்கு மறுநாள் அப்பாவுக்கு ஓய்வு கிடைக்கும். கிரிவலக் கூட்டத்துக்காக இரண்டு நாள் விடாமல் பஸ் ஓட்டியிருப்பார் என்பதால் முதலாளியே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். நான் பத்தாவது படித்த வருஷம், அப்படியொரு ஓய்வு நாளில்தான் நாங்கள் நான்கு பேரும் அந்த ராட்சத மிருகப் படத்துக்கு மேட்னி ஷோ போனோம். ஆறாவது படித்த தம்பியின் நச்சரிப்பு தாங்காமல் போனது. அவன் வகுப்பில் அந்தப் படத்தைப் பார்க்காதவன் அவன் ஒருவன்தானாம்.

கடலிலிருந்து ஒரு மிருகம் எழுந்து நகரத்துக்குள் வருகிறது. பல்லிக்கும் முதலைக்கும் நடுவில் ஓர் உருவம், பத்து மாடி உயரம். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் மெட்ராஸ் தமிழில் அலறினார்கள். அதன் கால் தரையில் படும்போதெல்லாம் தம்பி சீட்டின் மேல் ஏறி நின்றான், பின்னால் இருந்தவர்கள் அவனை உட்கார வைத்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு காட்சி. பாலத்தின் மேல் ஆட்கள் நிறைந்த பஸ் ஒன்று வருகிறது. எதிரே மிருகம் நிற்கிறது. டிரைவர் கதவைத் திறந்து குதித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுகிறான். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் தம்பி முறுக்கு கேட்டான். மூன்று முறை கேட்ட பிறகுதான் அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

படம் முடிந்து சின்னக்கடைத் தெருவில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். பூரி வருவதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான்.

"அது நம்ம ஊருக்கு வந்தா, மலை ஒசரமா, அது ஒசரமா?"

"மலைதான்டா. மலைகிட்ட வந்து அது வால ஆட்டிட முடியுமா? சாமி சும்மா உட்டுடுவாரா?" என்றாள் அம்மா.

எனக்கு அந்த மிருகம் பாவமாக இருந்தது. வழி தெரியாமல் வந்துவிட்டது, நாலாப் பக்கமும் சுடுகிறார்கள், அது எங்கே போகும் என்றேன். "எத்தினி பேரு வீட்ட மிதிச்சிது, அது பாவமா?" என்று அம்மா என்னை மடக்கினாள்.

அப்போதுதான் தம்பி சொன்னான். "அந்த டிரைவருதான் சரியான காமெடி. எங்கப்பாவா இருந்தா எறங்கியே இருக்க மாட்டாருன்னு நாளைக்குக் கிளாஸ்ல சொல்லப்போறேன்."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். ஆனால் எங்கள் வீட்டில் அது யாரும் எடுக்காத பேச்சு.

நான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு தரைப்பாலத்தின் நடுவில் அப்பாவின் பஸ் நின்றுபோனது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கண்டக்டரும் அந்த ஊர் ஆட்களும் கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார்கள். அப்பா கடைசி வரை ஸ்டியரிங்கை விடாமல் டிரைவர் சீட்டிலேயே இருந்தார். அவர் கரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் பஸ் சரிந்துவிட்டது. எல்லோரும் இறங்கும் வரை பிரேக்கை விடாமல் மிதித்து வண்டியைப் பிடித்து வைத்திருந்தார் என்று ஊரே பேசியது. முதலாளி சால்வை போர்த்தினார். கடைத் தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அம்மா மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "எல்லாரும் எறங்கினாங்களே, நீங்க ஏன் எறங்கல? வீட்ல ரெண்டு பசங்க இருக்குதுன்னு நெனப்பே வரலியா?" அப்பா பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அம்மாவும் கேட்கவில்லை. ஆனால் யாராவது அவரைப் புகழும்போது அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஓட்டலில் எழுந்து போக இடமில்லை. பூரியைப் பிய்த்தபடி சொன்னாள்: "அந்தப் படத்துல புத்தியுள்ளவன் அந்த டிரைவரு ஒருத்தன்தான். பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சான், ஓடிட்டான்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்தேன்.

அப்பா தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடி சொன்னார். "அவனுக்குக் காலு எப்படி வந்துதுன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

"என்னது?" என்றாள் அம்மா.

"எனக்கு வரல. எறங்கணும்னுதான் இருந்துது. ஒடம்பு கேக்கல. கை ஸ்டியரிங்க உட்டு வரல. கடைசியில ரெண்டு பேரு உள்ள வந்து ஒவ்வொரு வெரலா பிரிச்சாங்க."

"பிரேக்க புடிச்சிக்கினு இருந்தீங்கன்னு சொன்னாங்களே."

"இன்ஜின் நின்னுபோச்சு, தண்ணி வண்டியவே தள்ளுது, பிரேக் இன்னா பண்ணும்? அவங்களா சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல." டம்ளரை மேசையில் வைத்தே சுழற்றிக்கொண்டிருந்தார். "பயந்துட்டேன். அவ்ளோதான்."

தம்பியின் முகம் தொங்கிப்போனது. அவனுக்கு அது பெரிய நஷ்டம். எனக்கும்தான். பள்ளியில் என்னை வெள்ளத்தில் பஸ்ஸை விட்டு இறங்காத டிரைவரின் மகள் என்றுதான் டீச்சர்களுக்குத் தெரியும்.

அம்மா மட்டும் வேறு ஏதோ கணக்கில் இருந்தாள். "அப்போ எங்கள மறந்துட்டு உக்காந்து இருக்கலியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மறக்கறதா? உங்கள நெனச்சதாலதான் ஜாஸ்தி பயம்."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இதச் சொல்றதுக்கு நாலு வருசமா?" என்று கோபமாகச் சொல்லிவிட்டு, சர்வரைக் கூப்பிட்டு அப்பாவுக்கு இன்னொரு செட் பூரி வைக்கச் சொன்னாள். அப்பா வேண்டாம் என்றார். அம்மா கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது தம்பி எங்களை விட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். தேரடி வீதி வந்ததும் நின்று, "கிளாஸ்ல இன்னான்னுப்பா சொல்றது?" என்றான். அப்பா யோசித்தார். "நடந்தத சொல்லு" என்றார். அவன் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

அதற்கு முன்னெல்லாம் மழை நாளில் அம்மா எதுவும் பேசாமல் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுப்பாள். தன் பேச்சைவிட பஸ்தான் அவருக்குப் பெரிது என்று முடிவு கட்டியிருந்தாள் போலிருக்கிறது. அந்த வருஷ ஐப்பசியில் ஒரு விடியற்காலை, வானம் இருட்டிக்கொண்டு கொட்டியபோது, "இன்னிக்குப் போவாதீங்க" என்றாள். அப்பா மாட்டியிருந்த காக்கிச் சட்டையின் பொத்தானைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய் முதலாளிக்கு போன் போட்டு வந்தார். என்ன காரணம் சொன்னார் என்று அம்மா விசாரித்தாள்.

"பயமா இருக்குதுன்னு சொன்னேன்" என்றார்.