நன்றாகக் கதைத்ததால் வந்த வினை

நான் தில்லையடியைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி. விரிவுரை மண்டபத்தில் மின்விசிறிச் சத்தமும் பேச்சும் ஒன்றாய்க் காதில் விழுந்தால் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது. ஓட்டிசமாக, அதாவது மதியிறுக்கமாக இருக்கலாம் என்று விரிவுரையாளர் ஒருவர் சொன்னதால் உம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓட்டிசம் என்றாலே சின்னப் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்துச் சிறுவர் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே தாதி உம்மாவிடம், "பிள்ளை எங்க?" என்றார்.

"நான்தான்," என்றேன். கதிரைகளில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

டொக்டரிடம் எதற்கு என்ன பதில் சொல்வதென்று பஸ்ஸிலேயே பாடமாக்கியிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன்.

"நல்லாத்தானே கதைக்கிறீங்க? கெம்பஸும் போறீங்க. உங்களுக்கு ஒண்டுமில்ல," என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் உம்மா வெடித்தார். "வீட்ட வந்தா காதப் பொத்திட்டு அறைக்குள்ள கிடக்கிறியே, அத ஏன் மகள் சொல்லல்ல?"

"அத அவர் கேக்கல்லயே, உம்மா."

உம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பல மாத அலைச்சலுக்குப் பிறகு, கொழும்பில் பெரியவர்களைப் பார்க்கும் மனநல டொக்டர் ஒருவர் கிடைத்தார். இம்முறை எதையும் பாடமாக்கவில்லை, வலிந்து சிரிக்கவுமில்லை. சிறு வயதுக் கதையை உம்மா சொன்னார். ஓட்டிசம்தான் என்று உறுதியானது.

இப்போதெல்லாம் யாரும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. எனக்கு எது கஷ்டமோ, அதைத்தான் முதலில் சொல்கிறேன்.