பிலோ போட்ட வளைவு

அமோனியா வாசம் எண்டால் இண்டைக்கும் எனக்குக் கண் எரியும்... மெப், அதுதான் வரைபடம், பிரிண்ட் எடுக்கிற மெஷினில இருந்து வாற வாசம். அப்ப எங்கட ஒபிஸ் முழுக்க அதுதான்.

கல்யாணத்துக்கு முந்தி, கொழும்பு கொள்ளுப்பிட்டியில ஒரு சின்ன ஒபிஸில மெப் கீறுற வேலை எனக்கு. காட்டுக்கும் வயலுக்கும் நடுவில கரண்ட் வேலி எங்க போகவேணும் எண்டு பிளான் போட்டுக் குடுக்கிற இடம். யானையும் பிழைக்கவேணும், நெல்லும் வீடு வந்து சேரவேணும்... அதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி.

என்ர வீடு வெள்ளவத்தையில. பக்கத்து மேசை பிலோமினா, கொட்டாஞ்சேனை. நான் கோடு கீறினால் அச்சடிச்ச மாதிரி இருக்கும். அவள் கீறினால் கோழி கிண்டின மாதிரி.

ஆனா ஒபிஸுக்குப் பொறுப்பா இருந்த சேர் அவளை "பிலோ" எண்டு கூப்பிடுவார். என்னை "மிஸ் வசந்தி"!

எரியாதோ? எரிஞ்சது.

ஒருக்கா அநுராதபுரத்துக்கு அங்கால ஒரு கிராமத்துக்கு வேலி பிளான் வந்தது. நான் காட்டு எல்லையோட ஸ்கேலை வைச்சு நேரா ஒரு கோடு... ரெண்டு நாளில முடிச்சிட்டன். பிலோ, "போய்ப் பாக்காம எப்பிடி?" எண்டு மருதானையில றெயின் ஏறிட்டாள். மூண்டு நாள் கழிச்சு வந்தாள், முகமெல்லாம் கறுத்து, செம்மண் பிடிச்ச பேப்பரோட.

அவளின்ர பிளானில வேலி காட்டோரம் இல்லை. வயலைச் சுத்தித்தான். விதைக்கேக்க கட்டுறது, அறுவடை முடியக் கழட்டுறது. பிறகு வயல்ல மிஞ்சின தாளும் வைக்கோலும் யானைக்கு. ஒரு இடத்தில மட்டும் வேலி வயலுக்குள்ள வளைஞ்சு போகும். யானை காட்டில இருந்து குளத்துக்கு இறங்குற வழியை விட்டுக் குடுக்கத்தான் அந்த வளைவு.

சேருக்கு வாயெல்லாம் பல்லு. "பிலோவின்ர பிளான்தான் போகுது. மிஸ் வசந்தி, நீங்க நீற்றா, வடிவா கீறித் தாங்கோ."

அவளின்ர மூளை, என்ர கை.

ட்ரேசிங் பேப்பரில மையால கீறிக்கொண்டு போகேக்க அந்த வளைவு வந்தது. ஸ்கேலை வைச்சு நேரா இழுத்திட்டன். இப்பதான் வடிவா இருக்கு எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். பொய். அவளின்ர பிளான் சரிவரக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலமை, பிரிண்டுக்குப் போக முந்தி பிலோ பாத்திட்டாள்.

"வசந்தி, அந்த வளைவு எங்க?"

"கோணலா இருந்தது. நேராக்கினனான்."

"அந்தக் கோணலுக்குத்தான்டி நான் மூண்டு நாள் வெயில்ல நிண்டது. ஒரு மனுசன் தன்ர அரை ஏக்கரை விட்டுத் தந்திருக்கிறார். அதை மறிச்சால் யானை அவரின்ர மிச்ச வயலுக்குள்ளாலதான் போகும்..."

சவர பிளேட் ஒண்டு எடுத்து நான் கீறின மையைச் சுரண்டினாள். ஊதி ஊதி, கையாலயே வளைவைப் போட்டாள். சேரிட்ட ஒரு சொல் சொல்லேல்ல.

சொல்லியிருந்தால் ஒரு மாசம் கோவிச்சுப்போட்டு மறந்திருப்பன். சொல்லாமல் விட்டாள் பாருங்கோ... அதுக்கும் பொறாமைப்பட்டனான்.

இப்ப பிளேட்டும் இல்லை, மையும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர். பிழை விட்டால் ஒரு பட்டனைத் தட்ட அழிஞ்சு போகுது. பிலோ மெல்பனில, பேரப்பிள்ளையளோட.

போன கிழமை மகள் ஃபோனில சாட்டலைட் படம் ஒண்டு காட்டினாள். "அம்மா, நீங்க பிளான் போட்ட ஊர் எண்டு சொல்லுவீங்களே... இதுதானே?"

பச்சை பச்சையா வயல். நடுவில ஒடுக்கமா ஒரு மண்பாதை, வளைஞ்சு குளத்துக்கு இறங்குது. இத்தனை வருசத்தில ஒருத்தரும் அதை உழேல்ல.

"ஓம்" எண்டு வாய் வரைக்கும் வந்திட்டுது. எத்தனை பேருக்குச் சொன்ன பொய்...

"இல்லை பிள்ளை. அது பிலோ ஆன்ட்டி போட்டது. நான் அதை அழிக்கப் பாத்தனான்."

சொன்னால் மனசு லேசாகும் எண்டு நினைச்சன். ஆகேல்ல. இன்னும் எரியுது. அவள் அந்த மண்ணில போய் நிண்டவள். நான் இண்டு வரைக்கும் அந்தப் பக்கமே போகேல்ல.