தேசப்பனுக்குப் போட்ட இலை

தேசப்பன் செத்துப்போன நாள் குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வைகாசி அமாவாசை. வருஷா வருஷம் அன்றைக்கு அவன் மனைவி தேசம்மா விடியலில் குளித்து, வஞ்சிரக் குழம்பு வைத்து, கடற்கரை மணலில் வாழையிலை போட்டு, சோறும் குழம்பும் ஒரு கட்டு பீடியும் படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வருவாள். இருபது அடி தள்ளி, உடைந்த கட்டுமரம் ஒன்றின்மேல் உட்கார்ந்து தேசப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆமாம், உயிரோடுதான். கை கால் எல்லாம் திடமாக இருந்த ஆள்தான். அவனுக்குப் பசியும் எடுக்கும். ஆனால் அந்தச் சோறு அவன் பெயரில் காக்கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

எழுபத்தொன்று மார்ச் மாதம், தேர்தல் சமயம். அடையாறு ஆறு கடலில் கலக்கிற இடத்தை ஒட்டிய அந்தக் குப்பத்துக்கு நேர் எதிரே, அரை மைல் தள்ளி, ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு வந்து நங்கூரம் போட்டது. டென்மார்க்கிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்ற வந்த புருஷன் பெண்டாட்டி. யென்ஸ், கிர்ஸ்டன் என்று பெயர். அவர்கள் நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. மீன் பிடித்துவிட்டு வந்துகொண்டிருந்த தேசப்பன் முங்கிப் போய் அதை எடுத்துவிட்டான். அவர்கள் சர்க்கரை போடாத காப்பி கொடுத்தார்கள். மறுநாள் கூட வந்து மகாபலிபுரம் வரைக்கும் கடலின் மேடு பள்ளம் காட்ட முடியுமா என்று கைச்சைகையால் கேட்டார்கள். தலையாட்டினான்.

மறுநாள் இருட்டோடு எழுந்து துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினான். கடலுக்குப் போகிற ஆண்பிள்ளையிடம் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அந்தக் குப்பத்தில் எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள். கேட்டால் போன காரியம் விளங்காது என்று ஒரு பயம். தேசம்மாவும் கேட்கவில்லை. கேட்காததைத் தானாகச் சொல்லும் வழக்கம் ஆண்பிள்ளைகளுக்கும் இல்லை. இப்படித்தான் ஒரு குடும்பம் ஒரு வார்த்தைகூடச் சண்டை போடாமல் பிரிந்தது.

விடியுமுன், யார் கண்ணிலும் படாமல், கட்டுமரத்தைப் படகின் பின்னால் கயிற்றில் கட்டியாயிற்று. மகாபலிபுரம் வந்தபோது காற்று நன்றாக இருந்தது, நிறுத்த யென்ஸுக்கு மனசில்லை. பத்து விரலைக் காட்டி, பத்து நாள் கூட வா, இலங்கைப் பக்கம் விட்டுவிடுகிறேன் என்றான். தேசப்பன் யோசித்தானா என்று கேட்டால், யோசிக்கவில்லை. அன்று ராத்திரி கயிறு அறுந்து கட்டுமரம் போய்விட்டது. காலையில் அறுந்த நுனியைக் கையில் வைத்துப் பார்த்தான். போகட்டும், புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று யென்ஸ் முதுகில் தட்டினான். அந்த மரம் நாலாம் நாள் கோவளத்தில் ஒதுங்கியது. அவனுடைய புகையிலை டப்பா அதில் செருகினபடியே இருந்தது. அதைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து தேசம்மா கையில் கொடுத்தார்கள்.

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தப் படகு வாழ்க்கை அவனுக்குப் பிடித்திருந்தது.

முதலில் காலில் தண்ணீர் படவில்லை. கட்டுமரத்தில் ஏறினால் கட்டைக்கு நடுவே கடல் ஏறி முழங்கால்வரை நனைத்துக்கொண்டே இருக்கும். இருபது வருஷமாக அவன் பாதம் காய்ந்ததே கிடையாது. இங்கே பாதம் உலர்ந்து, வெடித்த இடமெல்லாம் மூடிக்கொண்டது. நல்ல தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். குளியல், பாத்திரம் எல்லாம் உப்புத் தண்ணீரில். கிர்ஸ்டன் பிரஷர் குக்கரில் ரொட்டி சுடுவாள். ராத்திரி பறந்து வந்து டெக்கில் விழுந்து கிடக்கும் பறவைக்கோலா மீனைத் தேசப்பன் காலையில் பொறுக்கிக் குழம்பு வைப்பான். புருஷன் பெண்டாட்டி இருவரும் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தட்டை நீட்டுவார்கள். நாலு மணி நேரம் ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும், மற்றவர் தூங்கலாம். வெயில் நேரத்தில் கிர்ஸ்டன் பாதித் துணியோடு படுத்துக்கொள்வாள். அப்போதெல்லாம் அவன் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து கடலுக்குக் காவல் இருப்பான்.

இலங்கையைத் தாண்டி மாலத்தீவுப் பக்கம் போனதும் அவனுடைய ராஜ்ஜியம் ஆரம்பித்தது. அங்கே தீவைச் சுற்றிலும் பவளப்பாறை. யென்ஸ் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முழிப்பான். தேசப்பன் பாய்மரத்தில் பாதி உயரம் ஏறி நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பான். பழுப்பாக இருந்தால் பாறை, வெளிர்ப் பச்சை என்றால் மணல், கருநீலத்தில் வழி. இடது கையை நீட்டினால் படகு இடது பக்கம் திரும்பும். வலது கையை நீட்டினால் வலது பக்கம். ஒரு தடவை யென்ஸ் கேட்காமல் போய் அடிப்பக்கம் பாறையில் உரசி, முகம் வெளுத்துத் திரும்பினான். அதற்கப்புறம் தேசப்பன் கை காட்டாமல் படகு நகர்ந்ததில்லை. குப்பத்தில் அவன் சொன்ன பேச்சை மச்சான் முருகையன் முதற்கொண்டு ஒருவனும் மதித்ததில்லை. இங்கே கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரன் அவன் விரலைப் பார்த்துப் படகு ஓட்டினான். பத்து நாள் ஒரு வருஷமானதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கடிதம் போட்டிருக்கக் கூடாதா? கூடும். அவனிடம் பாஸ்போர்ட் இல்லை என்பதால் பெரிய ஊரில் கரை இறங்க முடியாது, உண்மைதான். ஆனால் கிர்ஸ்டன் போகிற இடமெல்லாம் மடியில் அட்டை வைத்துக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பேனாவைக் காட்டி, கழுத்தில் தாலி போல விரலால் கோடு போட்டு, அவளுக்கு ஒன்று எழுதவா என்று சைகையில் கேட்டாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். கடுதாசி போனால் குப்பமே கூடிப் படித்துச் சிரிக்கும்; நேரில் போய் நின்று சொன்னால் அத்தனை பேரும் வாயைப் பிளப்பார்கள் என்று ஒரு கணக்கு. ஆண்பிள்ளையின் அற்பத்தனத்துக்கு அளவே கிடையாது. அந்த ஒரு தலையாட்டலில் அவன் செத்தான்.

மூன்று அமாவாசை பார்ப்பது குப்பத்து வழக்கம். அதற்குள் ஆளோ பிணமோ வராவிட்டால் கருமாதி செய்துவிட வேண்டும். தேசம்மா மூன்றையும் பார்த்தாள். மூன்றாவதான வைகாசி அமாவாசைக்கு முதல் நாள் பெண்கள் அவளை உட்கார வைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்து, முழங்கைவரை வளையல் அடுக்கி, முகம் முழுக்க மஞ்சள் பூசி அழகு பார்த்தார்கள். மறுநாள் எல்லாவற்றையும் கடற்கரையில் கழற்றினார்கள். அடுத்த வாரமே கூடையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு மீன் விற்கப் போனாள். வயிறு துக்கம் பார்க்குமா என்ன.

மறு வருஷம் மாலே துறைமுகத்தில் யென்ஸுக்கு இரண்டு பழைய சிநேகிதர்கள் வந்து சேர்ந்தார்கள். படகில் நாலு பேருக்கு மேல் படுக்க இடமில்லை. யென்ஸ் சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கி, இனி நீ வீட்டுக்குப் போகலாம் என்றான். வந்தவர்களில் ஒருவன் அன்றைக்கே பாய்மரத்தில் ஏறிக் கையை நீட்டிப் பழகிக்கொண்டிருந்தான். தேசப்பனுக்குக் கொடுத்தது ஒரு தொப்பி, ஒரு கத்தி, ஒரு போட்டோ. தூத்துக்குடிக்குத் திரும்புகிற தோணி ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். தோணியை ஓட்டிய மிக்கேல் நல்ல மனுஷன். வழியில் வீட்டுக்குத் தகவல் போயிருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றதும் சிலுவை போட்டுக்கொண்டு, அன்று முழுக்க அவனிடம் பேசவில்லை.

எழுபத்திரண்டு ஏப்ரலில் ஒரு நாள் அடையாறில் பஸ் இறங்கித் தொப்பியோடு குப்பத்துக்குள் நடந்தான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். மத்தியானம் காலிக் கூடையோடு வந்த தேசம்மா, வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாக, தன் வாசலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். கிட்டே வந்து அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நிமிஷம் அவனிடம் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. மனுஷன் கிடைத்தானே என்கிற ஒன்றைத் தவிர அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

குப்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கருமாதி ஆனவனை அப்படியே சேர்த்துக்கொள்ள முடியாது. தலையில் மஞ்சள் நீர் ஊற்றி, பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோலப் பெயர் வைத்து, அதே கையோடு பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும். அது முடிந்தால்தான் அவன் உயிருள்ளவன், கட்டுமரத்தில் ஏறலாம், பங்கு கேட்கலாம். வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். தேசம்மா அன்று சாயங்காலமே மஞ்சள் கயிறு வாங்கி வந்தாள்.

தேசப்பன் சும்மா இருந்திருந்தால் கதை அங்கே நல்லபடியாக முடிந்திருக்கும். அவனுக்குத்தான் பெருமை தாங்கவில்லையே. மயிலாப்பூரில் நீ மீன் போடுகிற வீட்டிலெல்லாம் காட்டு என்று அந்தப் போட்டோவை எடுத்துக் கொடுத்தான். அதில் அவன் தலையில் வண்ணக் காகிதத் தொப்பி. வாயோரம் கேக். பக்கத்தில் கிர்ஸ்டன், பின்னால் தென்னை மரங்கள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கச்சேரி ரோடு பக்கத்தில் ஜெயபாரதி டீச்சர் வீடு, தேசம்மாவின் வாடிக்கை. டீச்சர் போட்டோவைத் திருப்பிப் பின்பக்கம் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படித்தாள். கிர்ஸ்டன் பிறந்தநாள், மே இருபத்துமூன்று, எழுபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. தேசம்மா கூடையை இறக்கி வைத்தாள். போன வருஷம் வைகாசி அமாவாசை என்றைக்கு வந்தது என்று கேட்டாள். டீச்சர் அலமாரியிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டி, மறுநாள், திங்கட்கிழமை என்றாள். தேசம்மா போட்டோவை வாங்கிக்கொண்டாள். கூடையில் பாதி மீன் அப்படியே இருக்க, பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

"இந்த போட்டோ புடிச்ச அன்னிக்கி இன்னா துன்ன?" என்று கேட்டாள்.

அவன் ஒன்றும் தெரியாமல், "கேக்கு" என்றான். ரொம்ப நன்றாக இருந்தது என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

"அன்னிக்கிதான் எனுக்குத் தல நெறய பூ வெச்சாங்க. மறுநாளு எல்லாத்தியும் அறுத்தாங்க." அவள் குரல் உயரவில்லை. "நீ கடல்ல தவிச்சிக்கினு கீறன்னு நெனச்சி மூணு மாசம் நான் சரியா சோறு துன்னல. எம் புருசன் செத்துட்டான். அவனுக்கு நான் அழுது முடிச்சுட்டேன். நீ யாரோ."

மச்சான் வந்தான், பெரியவர்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வந்தாள். எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். மஞ்சள் கயிற்றை அவள் அடுப்பில் போட்டுவிட்டாள். தாலி கட்டாததால் சடங்கு பாதியில் நின்றது. சடங்கு நின்றதால் தேசப்பன் செத்தவனாகவே நின்றான். செத்தவனை மரத்தில் ஏற்றினால் கடல் தன் பொருளைத் திருப்பிக் கேட்கும் என்று பயந்து ஒருவரும் அவனைக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. ஆயிரம் மைல் பாய்மரப் படகில் போனவன் அப்புறம் முழங்கால் தண்ணீரைத் தாண்டவே இல்லை. அடுத்தவன் வலையைத் தைத்துக் கொடுத்து, ஓலைக் கொட்டகையில் படுத்துக் காலம் தள்ளினான். தொப்பி மட்டும் வெயிலுக்கு உதவியது. எந்தக் கை காட்டி ஒரு படகே திரும்பியதோ அந்தக் கையை இப்போது யாராவது பார்த்தால் பீடி கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாலு வைகாசி அமாவாசை அவன் தன் இலையைத் தள்ளி இருந்தே பார்த்தான். எழுபத்தாறில் அவனுக்கு இரண்டு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. தேசம்மா இலையைப் போட்டுவிட்டு நகர்ந்ததும் எழுந்து போனான். காக்கையை விரட்டினான். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான்.

காக்கைகள் கத்திய சத்தத்தில், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்து அவன் எதிரில் நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். திட்டினால்கூட நல்லதுதான், நாலு வருஷத்துக்கு அப்புறம் ஒரு பேச்சு என்று நினைத்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"பேசாத, துன்னு" என்றாள் அவள். "இது செத்தவனுக்கு ஆக்கின சோறு. வருசா வருசம் கெடைக்கும். உசுரோட கீறேன்னு சொல்லிக்கினு எங்கிட்ட வந்தீன்னா இதுவும் கெடையாது."

அவள் போய்விட்டாள். குழம்பில் உப்பும் புளியும் அவன் வாய்க்குப் பழகிய பழைய அளவில் அப்படியே இருந்தன. தேசப்பன் பேசாமல் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். இல்லை, கடைசிப் பருக்கைவரை இல்லை. ஒரு பிடி சோற்றை உருட்டி இலையின் ஓரத்தில் காக்கைக்கு வைத்துவிட்டு, பீடிக் கட்டை மடியில் செருகிக்கொண்டு எழுந்தான்.