குடும்பத்தோடு படிக்கலாம்

என் அத்தை ஒரே புத்தகத்தில் பத்தொன்பது பேரைக் கொன்றாள். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் அக்காவான அவள் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பகலெல்லாம் வெள்ளைத் துணியைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் ரத்தத்தில் இறங்கிவிட்டாள் என்று அப்பா சொல்லுவார். அவள் கதையில், ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீரிலிருந்து ஒரு பூதம் எழுந்து வந்து, முதல் அத்தியாயத்திலேயே ஒரு லாரி டிரைவரின் குடலை உருவித் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொள்ளும். சென்னையில் மாத நாவல் போடும் ஒருவர் அதை ஓர் ஆண்பிள்ளைப் பெயரில் அச்சிட்டார். எழுதியது அவள்தான் என்று எங்கள் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

அப்பா பத்துப் பக்கம் படித்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை ஒதுக்கினார். கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். நர்ஸ் வேலை பார்த்த சித்தி ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "ஈரல் வலது பக்கம்லா இருக்கு, ஒங்க பூதம் இடது பக்கம் கையை விட்டுப் பிடுங்குதே" என்றாள். அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம். "மதினி, நல்ல குடும்பக் கதையா ஒண்ணு எழுதக் கூடாதா? எல்லாருமா உக்காந்து படிக்கலாம்லா" என்றாள்.

அத்தை எல்லாவற்றுக்கும் சிரித்து வைத்தாள். வீட்டு மனிதர்கள் சொல்வது சேர்த்தியில்லை, முன்பின் தெரியாதவர்கள் பயந்தால்தான் அது பயம் என்பது அவள் கட்சி. அடுத்த கதையில் நாலு அத்தியாயம் எழுதி, ஒரு நீள நோட்டில் நிறுத்தி வைத்திருந்தாள். முதல் பூதம் எடுபட்டதா இல்லையா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு கை ஓடும் என்றாள்.

அதைத் தெரிந்துகொள்ள ஓர் இடம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் ஒரு வாடகைப் புத்தகக் கடை. அங்கே புத்தகம் எடுத்தவர்கள் திருப்பிக் கொடுக்கும் முன் கடைசி வெள்ளைத் தாளில் தங்கள் தீர்ப்பைப் பேனாவால் எழுதிவிடுவார்கள். கடைக்காரர் எவ்வளவு சத்தம் போட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. அத்தையும் அங்கே உறுப்பினர்தான். அவளே எத்தனையோ பேருக்குத் தீர்ப்பு எழுதியவள்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கடை வாசல் வரை வந்தவள் உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டாள். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுட்டி. நீ போயி என் பேரச் சொல்லி அந்தப் பூதக் கதைய எடுத்துட்டு வா. செத்த நேரம் நான் இப்படி இருக்கேன்."

கடைக்காரர் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டே புத்தகத்தை நீட்டினார். நான் அலமாரிக்குப் பின்னால் போய்க் கடைசித் தாளைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் இடமில்லாமல் எழுதியிருந்தார்கள். 'ச்சீ' என்று ஒருவர். 'சோறு இறங்கவில்லை, யாரும் எடுக்காதீர்கள்' என்று ஒருவர். 'எழுதியவன் மனுசனா? மூன்று நாளாக பாத்ரூமுக்குத் துணைக்கு ஆள் கூப்பிடுகிறேன்' என்று இன்னொருவர். 'இதை வீட்டுக்குள் வைக்கப் பயந்து மொட்டை மாடியில் வைத்துப் படித்தேன்' என்று நடுங்கிய எழுத்தில் வேறொருவர். அதற்குக் கீழே, 'ரத்தம் பத்தாது' என்று ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். என் அத்தையை ஊரே கூடித் திட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

பின்னட்டையின் உட்புறத்தில் மட்டும் ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். 'பரவாயில்லை. பொழுது போனது.' அது ஒன்று போதும் என்று தோன்றியது. திட்டு எழுதியிருந்த கடைசித் தாளை ஓசைப்படாமல் கிழித்துச் சுருட்டினேன். பதிவேட்டில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை, கடைக்காரர் செல்போனிலிருந்து நிமிர்வதற்குள் எடுத்து, பரவாயில்லைக்குக் கீழே, என் எழுத்து தெரியாமல் இருக்க இடது கையால், 'அருமை. குடும்பத்தோடு படிக்கலாம்' என்று எழுதினேன். வெளியே வந்ததும் சுருட்டிய தாளைச் சாக்கடையில் போட்டுவிட்டுத்தான் தெருவைக் கடந்தேன்.

அத்தை இரண்டு வரியையும் வெகுநேரம் படித்தாள். பிறகு கடைசித் தாள் ஒட்டியிருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"இம்புட்டுத்தானா எழுதியிருக்காக?"

"ஆமா அத்தை."

"ஒருத்தர்கூட பயப்படலையாட்டி?"

"ஒருத்தருமே பயப்படல அத்தை" என்றேன் பெருமையாக. "எல்லாருக்கும் பிடிச்சுருக்கு."

அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாத்ரூமுக்குத் துணை தேடிய அந்த முகம் தெரியாத ஆளைத்தான் அவள் அவ்வளவு தூரம் பஸ் ஏறித் தேடிப் போனாள் என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது. அதற்குள், தாளைக் கிழித்ததை அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வராமல் போய்விட்டது.

அந்த வாரமே அத்தை நீள நோட்டிலிருந்து நாலு அத்தியாயத்தையும் கிழித்தெடுத்துவிட்டு, மிச்சத் தாள்களை எனக்குக் கணக்குப் போடக் கொடுத்தாள். புது நோட்டு கிடைத்த குஷியில் நான் அதன் அட்டையில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.