இரண்டே மக் தண்ணீர்

நுரை சாருக்குத் தலையில் முடி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவரைப் பார்க்கிற எவரும் முதலில் பார்ப்பது அந்தத் தலையைத்தான். அடுத்தது, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்பார்கள். ஷாம்பூ கம்பெனியில் கெமிஸ்ட், பத்தொன்பது வருஷமாக என்று அவர் சொன்னதும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். தெருமுனை சலூன்காரர் மட்டும் பொத்திக்கொள்ளவில்லை. இந்தத் தலையால் தனக்குப் பத்து பைசா வியாபாரம் இல்லையே என்ற கடுப்பு அவருக்கு.

"மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுன்னு சொல்வாங்களே, அது நீங்கதானா சார்?" என்றார் ஒருநாள்.

"பல் டாக்டர் தன் பல்லை தானேவா புடுங்கிக்கிறாரு?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு நுரை சார் நடையைக் கட்டினார். வீடு வந்து சேரும்வரை அந்தப் பதிலை நினைத்து நினைத்து அவரே சிரித்துக்கொண்டார்.

அவருடைய ராஜ்ஜியம் கம்பெனியின் பின்பக்கத்தில் ஒரே ஒரு அறை. ஒரு ஜன்னல், ஒரு தொட்டி, எப்போது திறந்தாலும் கொட்டுகிற ஒரு குழாய். சுவரில் வரிசையாக ஆணி அடித்து, காசு கொடுத்து வாங்கிய முடிக்கற்றைகளைத் தொங்கவிட்டிருப்பார். மூலையில், சீப்பு எவ்வளவு சிக்குகிறது என்று அளந்து சொல்கிற மெஷின். புதிதாகத் துடைக்க வந்த அம்மா ஒருத்தி, கதவைத் திறந்து தொங்கும் முடிகளைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடியவள்தான். சம்பளம் வாங்கக்கூட வரவில்லை.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. முதலாளி ஒருநாள் பெரிய கம்பெனிக்காரனின் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் டக்கென்று வைத்தார்.

"இவன் ஒரே பாட்டில்ல ரெண்டு வேலையும் செய்றான். அழுக்கும் போகுது, முடியும் பட்டு மாதிரி இருக்கு. நமக்கும் வேணும். ரெண்டு மாசம் டைம். இல்லேன்னா வெளியில ரெடியா ஃபார்முலா விக்கிறாங்க, வாங்கிடலாம். இந்த ரூம்ல அட்டைப்பெட்டி அடுக்கிக்கலாம்."

"அப்போ நான்?"

"நீங்களும் அடுக்குங்க. யாரு வேணாம்னா?"

நுரை சார் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்து நாலு வயதில், அதுவும் இந்தத் தலையோடு, வேறு எந்த ஷாம்பூக்காரன் வேலை கொடுப்பான்?

சிக்கல் என்னவென்றால், இது ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் கதை. அழுக்கை எடுக்கிற சரக்கு, வழவழப்பாக எதைக் கண்டாலும் வழித்துக்கொண்டு போய்விடும். முடியை மெத்தென்று ஆக்குகிற சரக்கோ அந்த வழவழப்பைப் பூசவே வருகிறது. இரண்டையும் ஒரே பீக்கரில் ஊற்றினால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, திரிந்த பால் மாதிரி அடியில் உட்கார்ந்துவிடும். இந்த ஆசையில் அவர் ஏற்கெனவே நாற்பது தடவை பால் திரியவிட்டிருந்தார். நாற்பத்தொன்றாவதில்தான் சூட்சுமம் பிடிபட்டது. பாட்டிலுக்குள் இரண்டும் சமாதானமாகக் கிடக்க வேண்டும். தலையில் தண்ணீர் விழுந்து நுரை நீர்த்துப் போகும்போது மட்டும், மெத்தாக்குகிற சரக்கு தனியே பிரிந்து முடியில் ஒட்ட வேண்டும். எல்லாம் தண்ணீர் விழுகிற நேரத்தில் நடக்க வேண்டிய காரியம்.

அறுபத்திரண்டாவது ஃபார்முலாவை முடிக்கற்றையில் தேய்த்து, குழாயடியில் இரண்டு நிமிஷம் காட்டி, மெஷினில் மாட்டினார். சீப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. முதலாளியைக் கூட்டிவந்து காட்டினார்.

"கத்தை முடிக்கு வாய் இருக்கா சார்? மனுஷத் தலை சொல்லணும். அக்கா சொல்லட்டும்" என்றார் முதலாளி.

அக்கா என்றால் முதலாளியின் மூத்த அக்கா. கம்பெனியில் பாதிப் பங்கு, இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி, முகத்துக்கு நேரே பேசும் வாய், மூன்றும் உள்ளவர். அவருக்கு ஒரு தடவை பிடிக்காமல் போனால் அடுத்த தடவை என்பதே கிடையாது. அதனால், அக்காவிடம் போவதற்கு முன் நம்பிக்கையான ஒரு தலையில் பார்த்துவிடலாம் என்று நுரை சார் முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த நம்பிக்கையான தலை வீட்டில் இருந்தது.

மனைவி பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "தலையைக் குடுத்தாச்சு, இனி என்ன யோசனை?" என்று பெருமூச்சு விட்டுச் சம்மதித்தாள். கல்யாணத்தைத்தான் சொன்னாள் என்பது நுரை சாருக்கு மறுநாள்தான் உறைத்தது. ஏற்பாடு இதுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் நடு வகிடெடுத்து, ஒரு பாதியில் நம்முடைய ஷாம்பூ, மறு பாதியில் பெரிய கம்பெனியுடையது. எது எதென்று அவளுக்குச் சொல்லாமல், 'இது வலதுக்கு, இது இடதுக்கு' என்று மட்டும் சொல்லி, குளியலறைக் கதவு இடுக்கில் இரண்டு கிண்ணங்களை நீட்டுவார். நியாயமாக இருக்க வேண்டும் என்று வாரா வாரம் பக்கத்தை மாற்றுவார்.

முதல் வாரம் வலது பக்கம் நம்முடையது. "வலது பக்கம் பட்டு. இடது பக்கம் தொடைப்பம்" என்றாள் டீச்சர். நுரை சார் வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தார்.

அடுத்த வாரம் அதே அறுபத்திரண்டு இடது பக்கம் போனது. "இன்னிக்கும் வலது பக்கம்தான் நல்லா இருக்கு" என்றாள். பெரிய கம்பெனிக்காரன் ஜெயித்துவிட்டான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் அறுபத்து மூன்றைக் காய்ச்சினார். ஜெயித்தது. மறுவாரம் அதே அறுபத்து மூன்று தோற்றது. அறுபத்து நாலும் அப்படியே, ஒருவாரம் ராஜா, மறுவாரம் பிச்சைக்காரன். நமக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அவருக்கு விளங்கவில்லை. படித்த கெமிஸ்ட் அல்லவா! நோட்டில் ஃபார்முலா நம்பர் எழுதினார், 'நாம்', 'அவன்' என்று யார் ஜெயித்தது எழுதினார், எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதவில்லை. பக்கம் மாற்றியாகிவிட்டதே, அதை வேறு எதற்கு எழுதுவது என்று நினைப்பு.

அதற்குப் பதிலாக 'வீட்டில் சண்டை' என்று ஒரு பத்தி சேர்த்தார். தோற்ற வாரமெல்லாம் சண்டை நடந்திருந்தது. ஆகா, விஷயம் இதுதான், கோபத்தில் வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறாள் என்று கண்டுபிடித்து, அதை அவளிடமே சொன்னார். புத்தியைப் பாருங்கள்.

"என் தலை பொய் சொல்லுதுங்கிறீங்களா?"

"தலை சொல்லல. நீ..."

"நீங்க தோத்துட்டு வந்து எம்மேல விழுந்து புடுங்குறதாலதான் சண்டை. சண்டையால நீங்க தோக்கல. எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியாத ஆளுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்றாள். அன்று சாப்பாடு மேஜைமேல் மூடி வைக்கப்பட்டிருந்தது. பரிமாற ஆள் இல்லை.

ஏழாவது ஞாயிறும் போனது. கெடுவுக்குப் பத்து நாள் இருந்தது. திங்கள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஒரு நோட்டை அவர் மடியில் எறிந்தாள்.

"பாருங்க, என் மானம் போற லட்சணத்தை. ரெண்டு மாசமா நான் போர்டு பக்கம் திரும்பினாலே பின்னாடி கிசுகிசுன்னு சத்தம். இன்னிக்குத்தான் பிடிச்சேன். என் முடியில பந்தயம் கட்டுறாளுங்க!"

வகுப்பு முழுவதும் வாரத்தில் ஐந்து நாள் உட்கார்ந்து பார்ப்பது டீச்சரின் பின்னந்தலையை அல்லவா? எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, எந்தப் பக்கம் பறக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். வலது ஏழு, இடது பூஜ்யம். பந்தயம் மிட்டாய். அதன் கீழே, 'இடதுக்குக் கட்ட ஆளே இல்லை, முன் பெஞ்சு லூசு மட்டும் பாவம் பார்த்துக் கட்டுகிறாள்' என்று ஒரு குறிப்பு.

நுரை சார் அதை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேயறைந்த மாதிரி எழுந்து நின்றார்.

"ஏழு வாரமும் வலதா?"

"ஆமா. வாரா வாரம் சொன்னேனே."

"நீ... தண்ணி எப்படி ஊத்திக்குவ?"

"எல்லாரும் எப்படி ஊத்திக்குவாங்களோ அப்படித்தான்."

"செஞ்சு காட்டு."

கைப்பையைக்கூடக் கீழே வைக்காத டீச்சர், 'இந்த மனுஷனுக்கு முத்திடுச்சு' என்று முணுமுணுத்துக்கொண்டே காலி மக்கை எடுத்து வந்து, கூடத்தின் நடுவில் நின்று காட்டினாள். வலது கையில் மக். தலை வலது பக்கம் சாய்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் வலது பக்கத்தில் விழுந்தன. இடது பக்கத்துக்கு, வழிந்ததில் ஏதோ கொஞ்சம்.

இவ்வளவுதான் விஷயம்! கம்பெனி அறையில் குழாய் இரண்டு நிமிஷம் கொட்டியது. வீட்டில் இடது பக்கத்துக்கு அரை மக் கிடைத்தால் அதிகம். தண்ணீர் போதாததால் மெத்தாக்குகிற சரக்கு பிரியவே இல்லை. பெரிய கம்பெனிக்காரன் பாட்டிலுக்கும் அதே கதி. ஜெயித்ததும் தோற்றதும் ஷாம்பூவே இல்லை.

"இருபத்தாறு வருஷமா இப்படித்தான் குளிக்கிறேன்" என்றாள் டீச்சர். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நுரை சாருக்கு வெட்கமாக இருந்தது. ஊரான் வீட்டுத் தலைக்கெல்லாம் ஷாம்பூ செய்கிறவர், தன் வீட்டுத் தலை எப்படி நனைகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. "தப்பு என்னுதுதான்" என்றார். டீச்சர் திடுக்கிட்டுப் போய், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவருக்குத் தலைக்கு மேல் வேலை. கொஞ்சத் தண்ணீரிலேயே பிரிகிற மாதிரி செய்ய வேண்டும். அழுக்கெடுக்கிற சரக்கைக் குறைத்தார், ஷாம்பூ நீர்த்துப் போனது. கெட்டிப்படுத்த உப்புப் போட்டார், கெட்டியானது. ஆசைப்பட்டு இன்னும் ஒரு சிட்டிகை போட்டார், மறுபடியும் தண்ணீராக ஓடியது. சனிக்கிழமை எழுபத்தொன்றாவது நின்றது. ஞாயிறு காலை, கிண்ணங்களோடும் ஒரு மக்கோடும் குளியலறை வாசலில் போய் நின்றார்.

"பக்கத்துக்கு ஒரே மக். நானே ஊத்துறேன்."

"இந்த வயசுலயா? அசடு வழியாம கிண்ணத்தைக் குடுங்க."

கெஞ்சினார். டீச்சர் முக்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். இடது பக்கம் நம்முடையது. ஊற்றின லட்சணத்தில் பாதி காதுக்குள் போனது, கொஞ்சம் கண்ணுக்குள் போனது, திட்டு முழுக்க அவருக்கு வந்தது. திங்கள் காலை டீச்சர் போர்டில் முதல் கணக்கை எழுதத் திரும்பியதும், பின்னாலிருந்து ஒரு கூச்சல் கூரையைப் பிய்த்தது.

"லெஃப்ட்டு ஜெயிச்சிருச்சுடீ!"

முன் பெஞ்சு லூசுக்கு அன்று இருபத்திரண்டு மிட்டாய் கிடைத்தது. ஒன்றை டீச்சருக்கும் கொடுத்தாள். டீச்சர் யாரையும் திட்டவில்லை.

கெடு நாளன்று நுரை சார் பாட்டிலும் கையுமாக அக்கா வீட்டுக்குப் போனார். முதலாளி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நுரை சார் பாட்டிலை அக்காவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

"அம்மா, ரெண்டே மக் தண்ணி. பக்கத்துக்கு ஒண்ணு."

"என் வீட்டுத் தண்ணிக்கு நீ அளவு சொல்றியா?"

"வாங்குறவங்க வீட்ல அவ்வளவுதான்மா இருக்கும். பெரிய கம்பெனிக்காரனுது அதுல வேலை செய்யாது. இது செய்யும். செய்யலேன்னா நான் இப்பவே போய்ப் பெட்டி அடுக்குறேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கூடத்தில் இரண்டு ஆண்களும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் ஒன்று கேட்டது. நீண்ட நேரம் கழித்து இரண்டாவது. நுரை சார் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது சத்தம் வரவில்லை.

அக்கா துண்டோடு வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, உச்சியில் சீப்பை வைத்து இழுத்தார். சீப்பு நுனிவரை போய் வெளியே வந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. மூன்றாவது தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"பெட்டி அடுக்க இடம் வேணும்னியே?"

"ஆமாக்கா."

"உன் ரூம்ல அடுக்கு."

நுரை சாருக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். அக்கா தலை துவட்டிய துண்டையே அவரிடம் வீசினார்.

அடுத்த மாதம் பாக்கெட் வந்தது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'இரண்டே மக் தண்ணீர் போதும்' என்று அச்சடித்திருந்தார்கள். நுரை சார் அதைத் தெருமுனை சலூன்காரரிடம் காட்டினார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் காட்டினார், ஞாயிறு காலை வீட்டிலும் நாலாவது தடவையாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. கிண்ணம், வகிடு எதுவும் இனி தேவையில்லை.

குளியலறைக்குள் டீச்சர் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே கிடந்தது.

"என்ன?" என்றார்.

"கை வலிக்குது. போர்டுல நிறைய எழுதிட்டேன்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"வலிக்குதுன்னா வலிக்குது."

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். தேய்த்தார். இந்தத் தடவை காதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் ஒரு மக், இடது பக்கம் ஒரு மக் ஊற்றினார். முடிந்தது என்று மக்கைக் கீழே வைத்தார். டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு ஆச்சு" என்றார். "பாக்கெட்டுல போட்டிருக்கு பாரு, ரெண்டே போதும்."

"அது வாங்குறவங்களுக்கு" என்றாள் டீச்சர், குனிந்த தலையை நிமிர்த்தாமலே. "எனக்கு ஊத்துங்க."