கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர்

போன செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் ஒரு கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் இல்லை சார்... இரண்டே முக்கால் மணி நேரம்!

உள்ளே ஒரு கம்ப்யூட்டர். நெற்றியில் குங்குமம், தலைக்கு மேல் ஏ.சி. காற்று. பச்சை எழுத்துகளோடு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டிய விவரம் அதன் வயிற்றுக்குள் இருந்தது. கதவுதான் பூட்டியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்தப் பத்தி எழுதுவது போக எனக்கு இன்னொரு பிழைப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும் — கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருவது. விழுப்புரத்தில் ஒரு லாரி பார்சல் சர்வீஸ், திண்டிவனத்தில் அதற்கு ஒரு கிளை. பெயர் வேண்டாம், முதலாளி வாராவாரம் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர். எந்தப் பார்சல் எந்த லாரியில் வந்தது, கோடவுனில் எங்கே கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும், சீட்டு அடித்துத் தர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலாளி ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"சார், கரண்ட் போவட்டும், இடி வுழட்டும்... மிஷினு மட்டும் நிக்கக்கூடாது!"

நிற்காத சிஸ்டம்! எங்கள் புரோகிராம் ஜாதிக்காரனை உசுப்பேற்ற இதற்கு மேல் என்ன வேண்டும்? இருபத்தாறு பக்கத்துக்குத் திட்டம் எழுதினேன். கம்ப்யூட்டர் இரண்டு. பிரிண்டர் இரண்டு. ஸ்டெபிலைசர் இரண்டு. கரண்ட் லைன்கூட இரண்டு. முன் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், கண்ணாடி அறையில் இருப்பது அதன் வேலையை வாங்கிக்கொள்ளும். தினமும் காலையில் முதலாவதில் உள்ள விவரத்தை பிளாப்பியில் எடுத்து இரண்டாவதில் ஏற்றிவிட வேண்டும். கண்ணாடி அறையின் சாவியைக்கூட நான் விடவில்லை. 'சாவிகள் இரண்டு இருக்க வேண்டும்' — பக்கம் பத்தொன்பது.

இன்னொரு விதியும் எழுதினேன். 'கம்ப்யூட்டர் சீட்டு இல்லாமல் ஒரு பொட்டலம்கூட கோடவுனைத் தாண்டக் கூடாது.' பழைய நீள நோட்டைக் கட்டிப் பரண்மேல் போடச் சொன்னதும் நான்தான். கோடவுனில் இருபது வருஷமாக மூட்டை ஏற்றி இறக்கும் இருசப்பனிடம், "இனிமே உங்க ஞாபகத்தை நம்பி கம்பெனி நடக்காதுங்க" என்று நானே பெருமையாகச் சொன்னேன். என்ன திமிர் பாருங்கள்!

செவ்வாய்க்கிழமை ஒன்பதேகால் மணி. மாதாந்தர விசிட்டுக்கு வந்த நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். வோல்டேஜ் இறங்கியது. ஃபேன் சோம்பல் முறித்தது, டியூப் லைட் கண்ணடித்தது, முன் மேஜைக் கம்ப்யூட்டர் 'டப்' என்றது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

ஆபரேட்டர் கலைச்செல்வி பதறவில்லை. "ஒண்ணும் பேஜாரு இல்ல சார். அதான் ரெண்டாவது இருக்குதே!"

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் குஷி. என் திட்டம் வேலை செய்வதை நேரில் பார்க்கப் போகிறேன்! இரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்குப் போனோம். பூட்டு.

"சாவி எங்கம்மா?"

"மொதலாளி இடுப்புல சார். காலையில வந்தாரு, மிஷினைப் போட்டாரு, என்னை பிளாப்பிய ஏத்தச் சொன்னாரு, ஊதுவத்தி காட்டுனாரு, பூட்டிக்கினு திண்டிவனம் போயிட்டாரு. சொந்தக்காரங்க வூட்ல நிச்சயதார்த்தம்."

"சரி, இரண்டாவது சாவி?"

"அதுவும் அவராண்டதான் சார். ரெண்டையும் ஒரே வளையத்துல போட்டு வச்சிருக்காரு. தனியா வச்சா தொலைஞ்சு பூடுமாம்."

இரண்டு சாவி வேண்டும் என்று எழுதிய மகானுபாவன் நான். அவை இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினேனா? இல்லையே!

அப்போதுதான் தனலட்சுமி வந்தார். கெடாரில் சொந்தமாகப் பயிர் வைத்திருக்கிறவர். கிணற்று மோட்டார் எரிந்துபோய் நாலு நாள் ஆகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி புது மோட்டார் அனுப்பியிருக்கிறார், அதை வாங்கத்தான் வந்திருந்தார்.

"ஜல்தி குடும்மா. ரெண்டு மணிக்கு மூணு பேஸ் கரண்டு வரும், ஆறு மணிக்குப் பூடும். மெக்கானிக்கு கெணத்தாண்டயே குந்திக்கினு இருக்காரு. பயிரு கதிர் வாங்குற நேரம். இன்னைக்குத் தண்ணி பாய்ச்சலன்னா அத்தனையும் பதரு."

"சீட்டு அடிச்சாத்தாங்க்கா தர முடியும்" என்றாள் கலைச்செல்வி.

"அடிச்சுக் குடேன்!"

"மிஷினு உள்ள மாட்டிக்கிச்சுக்கா..."

தனலட்சுமி கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். "ஓடுதே?" என்றார். ஓடத்தான் ஓடியது.

திண்டிவனத்துக்கு போன் போட்டோம். முதலாளி லைனில் வந்தார். "கண்ணாடியில கை வச்சிடாதீங்க சார், மெட்ராஸ்ல சொல்லி வரவழைச்சது! சாவிய பஸ்ல குடுத்தனுப்புறேன்" என்றார். குடுத்தனுப்பினார், வளையத்தோடு, இரண்டு சாவியையும், ஒரே கண்டக்டரிடம்.

பத்தரைக்கு வர வேண்டிய பஸ் பதினொன்றரை வரை வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்த கலைச்செல்வி சேதியோடு திரும்பினாள். "விக்கிரவாண்டியாண்ட பஞ்சர் சார். அடுத்த பஸ் கண்டக்டர் சொன்னாரு. ஸ்டெப்னி இருக்குதாம், ஜாக்கி இல்லியாம்."

நமக்கு மாற்று ஏற்பாடு என்றால் உயிர். அதைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைப்பதுதான் ஆகவே ஆகாது. டவுன் பஸ்ஸில் முதலுதவிப் பெட்டி இருக்கும்... திறந்து பாருங்கள், கண்டக்டரின் சீப்பு இருக்கும். சினிமா கொட்டகையில் அவசர வழி என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும், அந்தக் கதவை ஒட்டி சோடா பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். இதையெல்லாம் கிண்டல் செய்து இதே பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்!

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. தனலட்சுமி சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"சார், நீங்கதான் இதையெல்லாம் எழுதிக் குடுத்தவராம். என் பயிரு பதராப் பூட்டா, இந்த மிஷினு வந்து சோறு போடுமா?"

வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. விறுவிறுவென்று கோடவுனுக்குப் போனேன். வாசலில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து இருசப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இருசப்பன், கெடார் தனலட்சுமின்னு ஒரு மோட்டார். எங்க இருக்கும்னு ஏதாவது தெரியுமா?"

"தெரியுமாவா? அது மேலதான் சார் குந்திக்கினு இருக்கறேன்."

"காலையிலேர்ந்து இங்க ஒரே ரகளை! சொல்லக் கூடாதா?"

டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: "என் ஞாபகத்தை நம்பி கம்பெனி நடக்காதுன்னு சொன்னீங்களே சார். சரி, கம்ப்யூட்டரே சொல்லட்டும்னு இருந்தேன்."

பளார் என்று அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பையிலிருந்த என் திட்டத்தில் கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். பின்பக்கத்தில் 'மோட்டார் ஒன்று, பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி தனலட்சுமியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கீழே என் பொறுப்பு என்று நானும் போட்டேன். இருபத்தாறு பக்கத்தில் உருப்படியாக உபயோகப்பட்டது அந்த ஒரு பக்கம்தான். இருசப்பன் பெட்டியைத் தூக்கி வாசலில் நின்ற டெம்போவில் வைத்தார். கெடாருக்கு ஒன்றேகாலுக்குள் போய்விடலாம்.

சாவி மூன்று மணிக்கு வந்தது.

மறுநாள் முதலாளியிடமிருந்து மெட்ராஸில் என் வீட்டுக்கு போன். "ரூல்ஸ் போட்ட நீங்களே சீட்டு இல்லாம பார்சல் குடுக்கலாமா சார்?" என்று பிடிபிடியென்று பிடித்தார். ஓரளவு ஓய்ந்ததும் நான் சாவி விஷயத்தை எடுத்தேன். உடனே குரலில் ஒரு பெருமை.

"அதெல்லாம் சரி பண்ணியாச்சு சார். இனிமே ரெண்டும் ஒரே வளையத்துல கெடையாது. ஒண்ணு என் இடுப்புல."

"ரொம்ப சந்தோஷம் சார். இன்னொண்ணு?"

"பத்திரமா கண்ணாடி ரூம்லயே வச்சுப் பூட்டிட்டேன். யாரும் எடுக்க முடியாது!"

முடியாதுதான்.