சித்தியின் கனவு நோட்டு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டில் நிம்மதியாக ஒரு கனவு காண முடியவில்லை. காரணம் சித்தி, அம்மாவின் தங்கை. அஞ்சல் வழியில் உளவியல் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, திருநின்றவூரில் இருந்த புகுந்த வீட்டிலிருந்து எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தாள்.

காலையில் என்னைப் பல் துலக்க விடமாட்டாள். நோட்டும் கையுமாக எதிரே உட்கார்ந்துவிடுவாள். "மறக்கிறதுக்குள்ள சொல்லு. என்ன கனவு வந்துச்சு?"

அடக்கி வைத்த ஆசைதான் வேஷம் போட்டுக்கொண்டு கனவில் வருமாம். ஐந்து வயதுக்குள் மனிதருடைய குணம் கெட்டிப்பட்டுவிடுமாம். எனக்கோ பத்து. இனி என்னைத் திருத்த வழியில்லை என்பதுபோலப் பார்ப்பாள். தெருவில் கற்றுக்கொண்டு வந்து "இன்னா சித்தி" என்றால், 'சூழ்நிலை உருவாக்கிய குணம்' என்று அதையும் எழுதிக்கொள்வாள். அந்தப் பேச்சுக்கு அம்மாவிடம் நான் வாங்கும் குட்டை மட்டும் எழுதியதில்லை.

ஒருநாள் அப்பாவின் சைக்கிள் ஏரியில் மூழ்குவதாகக் கனவு வந்தது. உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்பா மேல உனக்குக் கோபம்," என்றாள் சித்தி.

"இல்ல சித்தி."

"இவ்வளவு வேகமா மறுக்கிறியே, அதுதான் அடையாளம்."

ஆமாம் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் ஆமாம். இப்படியும் ஒரு படிப்பா!

தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா இதைக் கேட்டுவிட்டார். வழக்கம்போல என்னைப் பள்ளியில் விடுவதற்காகச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டவர், பாதி வழியில் மெதுவாக, "அன்னிக்கு அடிச்சேனே, அதுக்காகவாம்மா கோபம்?" என்றார். மிரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எதற்கு அடித்தார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "கோபமில்லப்பா, கோபமில்லப்பா" என்று பள்ளி வரும்வரை அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல, எனக்கே அது பொய்போலக் கேட்டது.

சாயங்காலம் பையை வீசிவிட்டு நேரே சித்தியிடம் போனேன். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"இப்ப நீ சொல்லு. உனக்கு என்ன கனவு வந்துச்சு?"

சித்தி சிரித்தாள். "எனக்கெல்லாம் கனவு வர்றதில்லடி."

"வேகமா மறுக்கிற!"

சிரிப்பு நின்றது. "தூங்கினாத்தானே வரும்," என்றாள்.

இது அழுகுணி ஆட்டம் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. 'சித்தி ஏமாற்றுகிறாள்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அவள் சொன்ன சாக்கையும் கீழே எழுதி, அடுப்படியில் இருந்த அம்மாவிடம் நீட்டினேன். குட்டு விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா படித்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்தாள். சித்தி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "இங்க வந்துமா தூங்க முடியல உனக்கு?" என்று அவள் கேட்டது மட்டும் வெளியே கேட்டது.

மறுநாளிலிருந்து யாரும் என் கனவைக் கேட்கவில்லை. சித்தியை ஜெயித்துவிட்டேன் என்று குவார்ட்டர்ஸ் முழுவதும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். தன் பரீட்சை முடிந்த பிறகும் அவள் ஏன் ஊர் திரும்பவில்லை, நாலு ஸ்டேஷன் தள்ளி இருக்கும் புகுந்த வீட்டுக்காரர்கள் ஏன் ஒருநாளும் வந்து கூப்பிடவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.